‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொன்ன பிறகு: ஆட்களை நீக்கிய அனுபவங்கள்

கோவை, மோட்டார் வைண்டிங் கடை உரிமையாளர்

சூலூர் பக்கம் 22 ஆண்டுகளாக, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், புதிதாகக் கட்டும் கடை நடத்தி வருகிறேன். இந்தத் தொழிலில் முதலாளிக்கும் வேலையாளுக்கும் மனக்கசப்பு தொடங்கும் இடம் பெரும்பாலும் பழைய செம்புக் கம்பிதான். எரிந்த காயிலை வெட்டி எடுத்தால் கிடைக்கும் செம்புக்கு எப்போதும் விலை உண்டு. ஆனால் ஒவ்வொரு மோட்டாரிலிருந்தும் எவ்வளவு வந்தது என்று என் கடையில் யாரும் எழுதி வைத்ததில்லை.

2017-இல் ஒரு மாதத்துச் செம்பை விற்கப் போனபோது, நான் மனக்கணக்கில் வைத்திருந்ததைவிடத் தராசில் ஆறு கிலோ குறைந்தது. ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் இருந்த மூத்த வைண்டர் மேல் சந்தேகம் போனது. அவர் சில திங்கட்கிழமைகளில் வராமல் இருந்ததும், வாடிக்கையாளர் ஒருவரின் மோட்டாரைத் தன் வீட்டிலேயே கட்டிக் கொடுத்தார் என்று காதில் விழுந்ததும் சேர்ந்துகொள்ள, மற்ற ஆட்களின் முன்னிலையிலேயே, ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் ஆவதற்குள் தொழிலாளர் துறையிலிருந்து அறிவிப்பு வந்தது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 41-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதே வழக்கறிஞர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும். ஒழுங்கீனம் என்ற குற்றச்சாட்டாக இருந்தால் முன்னறிவிப்பு தேவையில்லை, ஆனால் அதற்கென்றே விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். என்னிடம் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்து பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய கிராஜுவிட்டி தொகை. கடையில் ஏழு பேர்தானே, அந்தச் சட்டம் நமக்கு வராது என்று நம்பியிருந்தேன். ஆனால் 2012-இல் பதினொரு பேர் இருந்தார்கள். பத்துப் பேரைத் தொட்டு ஒருமுறை அந்தச் சட்டம் பொருந்திவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் அது விலகுவதில்லை. மாதச் சம்பளம் 18,000 ரூபாயை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஒன்பது ஆண்டுகளுக்குக் கணக்கிட்டபோது 93,461 ரூபாய் வந்தது. அதனுடன் ஒரு மாதச் சம்பளத்தையும் கொடுத்துச் சமரசமாக முடித்துக்கொண்டோம்.

அவர் அந்தச் செம்பை எடுத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பணம் போனதைவிட இதுதான் என்னை உறுத்துகிறது.

அதன் பிறகு, மோட்டார் உள்ளே வந்தவுடன் எழுதும் சீட்டிலேயே பழைய காயிலின் எடையையும் குறித்து, பிரித்தவரிடம் கையெழுத்து வாங்குகிறேன். 2021-இல் ஒரு உதவியாளர் குடித்துவிட்டு வேலைக்கு வந்தபோது, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்து மூன்று நாளில் விளக்கம் கேட்டேன். இரண்டு முறை மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். மூன்றாவது முறை நடந்தபோது, புகார் சொல்பவனே தீர்ப்பும் சொல்லக் கூடாது என்பதால், பக்கத்துக் கடைக்காரர் ஒருவரை விசாரிக்கச் சொன்னேன். அவர் முன் அந்தப் பையன் தானாகவே ஒப்புக்கொண்டான். கட்டாயம் இல்லாவிட்டாலும் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தே அனுப்பினேன்.

திருப்பூர், பவர் டேபிள் யூனிட் நடத்துபவர்

மேலே எழுதிய அண்ணன் அவசரப்பட்டதாகச் சொல்கிறார். நான் தாமதித்ததைச் சொல்ல வேண்டும். ஆடை தைத்துக் கொடுக்கும் எங்கள் யூனிட்டில் 16 பேர். துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் அவரைப் போல ஓட்ட ஆள் கிடையாது என்று நான் பெருமைப்பட்ட ஒரு டெய்லர், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்த பெண்களிடம் தகாத முறையில் பேசிவந்தார். ஒரு பெண் என்னிடம் வந்து சொன்னபோது, ‘தீபாவளி சரக்கு போகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்றேன். நானும் ஒரு பெண்ணாக இருந்துகொண்டு அப்படிச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. போனஸ் வாங்கிய கையோடு அந்தப் பெண்ணும் அவள் தங்கையும் நின்றுவிட்டார்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் பெண் ஒருவர் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. வெளியிலிருந்து ஒருவரையும் அதில் சேர்க்க வேண்டும். எங்களிடம் அது இல்லை. அதை அமைத்த பிறகு வந்த அடுத்த புகாரில்தான் அவரை முறையாக விசாரித்து நீக்கினோம். அவர் வாங்கியிருந்த 12,000 ரூபாய் முன்பணத்தை நான் கேட்கவில்லை. அவர் போன இரண்டாவது வாரத்திலேயே செக்கிங் மேசையில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது. அதுவரை அங்கே யாரும் பேசாமல் இருந்ததை நான் வேலைக் கவனம் என்று எண்ணியிருந்தேன்.

சென்னை, லேத் பட்டறை மேற்பார்வையாளர்

நான் நீக்கப்பட்ட பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்பத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் நான்கு ஆண்டுகள் லேத்தில் இரும்பைக் கடையும் டர்னராக இருந்தேன். ஒரு சனிக்கிழமை சம்பளக் கவரைக் கொடுத்துவிட்டு, ‘சொல்லி அனுப்புகிறேன்’ என்றார் முதலாளி. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சட்டை மாட்டிக்கொண்டு வீட்டில் காத்திருந்தேன். புதன்கிழமை போய்ப் பார்த்தபோது என் மெஷினில் வேறொருவர் நின்றிருந்தார்.

என் வேலையில் குறை இருந்திருக்கலாம். அந்த மாதம் எட்டுப் பீஸ் அளவு தப்பிக் கழிந்தது உண்மை. அதை முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருக்க மாட்டேன். அனுபவச் சான்றிதழ் கேட்டு மூன்று முறை நடந்தேன், கிடைக்கவில்லை. அதனால் அடுத்த இடத்தில் உதவியாளர் சம்பளத்தில்தான் சேர முடிந்தது. இப்போது என் கீழ் ஆறு பேர் இருக்கிறார்கள். இருவரை அனுப்ப வேண்டியிருந்தது. இருவருக்கும் காரணத்தை உட்கார வைத்துச் சொன்னேன், சான்றிதழை அன்றைக்கே கையில் கொடுத்தேன்.