சிடிகே1 பேண்ட் எல்லா லேன்லயும் ஒரே அளவு, டைரோசின் 15 சிக்னலும் போக மாட்டேங்குது, உதவி பண்ணுங்க

டர்பன்_மாணவி
எல்லாருக்கும் வணக்கம். டர்பன்ல மாஸ்டர்ஸ் பண்றேன். ஹீலா செல் (லேப்ல வளக்குற மனுஷ கேன்சர் செல்) பிரியும்போது, அந்த பிரிவ நடத்துற சிடிகே1 என்சைம் எப்படி ஆன் ஆகுதுன்னு வெஸ்டர்ன் ப்ளாட்ல (புரோட்டீன சைஸ் வாரியா பிரிச்சு ஆன்டிபாடியால காட்டுற டெஸ்ட், ஒரு சாம்பிளுக்கு ஒரு லேன், புரோட்டீன் பேண்டா தெரியும்) காட்டணும். செல்ல பிரியுற நடுவுல நிறுத்துற மருந்து நோகோடசோல் மில்லிக்கு 100 நானோகிராம் போட்டு ராத்திரி பூரா வச்சிட்டு, காலைல மீடியத்த ஊத்திட்டு, ஜில்லுனு இருக்கிற பிபிஎஸ்ல (உப்பு பஃபர்) ரெண்டு வாட்டி அலசி, டிஷ்ஷ சுரண்டி லைசேட் (செல்ல உடைச்ச சாறு) எடுக்குறேன். சிடிகே1 34 கிலோடால்டன்ல பளிச்சுனு வருது, ஆனா மருந்து போட்டதும் போடாததும் ஒரே அளவு!! சிடிகே1ஓட சேந்து அத ஆன் பண்ற சைக்ளின் பி1 லேசா தான் ஏறுது. மைட்டோசிஸ்ல (செல் பிரியுற கட்டம்) சிடிகே1ல டைரோசின் 15ங்குற இடத்துல இருக்கிற பாஸ்பேட் குறையணும்ல, எனக்கு கூடுற மாதிரி இருக்கு. லோட் ஷெடிங்ல (கரண்ட் கட்) ஃப்ரீசர் நின்னு சாம்பிள் கெட்டிருக்கும்னு சார் சொல்றார், எனக்கு நம்பிக்கை இல்ல.

மாரிட்ஸ்பர்க்_அண்ணன்
தங்கச்சி, முதல் விஷயத்துக்கு கவலையே வேணாம், அது சரியான ரிசல்ட். சிடிகே1 புரோட்டீன் சைக்கிள் பூரா கிட்டத்தட்ட ஒரே அளவுல தான் இருக்கும், ஏறி இறங்குறது சைக்ளின். நம்ம டாக்ஸி ராங்க்ல கோம்பி (மினிபஸ் டாக்ஸி) நிக்குற மாதிரி, வண்டி எப்பவும் அங்கதான், ஆள், அதாவது சைக்ளின், நிறையணும். நிறைஞ்சாலும் வீ1 கைனேஸ் டைரோசின் 15ல பாஸ்பேட் வச்சு பிரேக் போட்டிருக்கும் (பக்கத்து த்ரியோனின் 14ல மிட்1 வைக்கும்), சிடிசி25 வந்து அத எடுத்தா தான் ஓடும். அதனால அளவப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது, ஆக்டிவிட்டி தான் கணக்கு.

ரெண்டாவது தான் விவகாரம். ஊத்துற மீடியம் எங்க போகுது?

டர்பன்_மாணவி
ப்ளீச் பக்கெட்ல தான் அண்ணா, ஏன்?

மாரிட்ஸ்பர்க்_அண்ணன்
அங்கதான் உன் மைட்டோடிக் செல் எல்லாம் போயிருச்சு. பிரியப் போற செல் உருண்டு தரைய விட்டு எழும்பிரும், டிஷ்ஷ ஒரு தட்டு தட்டினாலே மிதக்கும். நீ சுரண்டுறது ஒட்டிட்டு மிச்சம் இருக்கிறத, அதுல ஜி2ல (மைட்டோசிஸுக்கு முந்தின கட்டம்) நிக்கிறது நிறைய, அதுக்கு டைரோசின் 15 பாஸ்பேட் உச்சத்துல இருக்கும், அதான் கூடுது. அடுத்த வாட்டி மீடியத்த ட்யூப்ல பிடி, டிஷ்ஷ பக்கவாட்டுல தட்டி மிதக்குறதயும் சேத்து சென்ட்ரிஃபியூஜ்ல சுத்து. ஒட்டினது தனி லேன், மிதந்தது தனி லேன். மைட்டோசிஸ் அடையாளமான ஹிஸ்டோன் எச்3 செரின் 10 பாஸ்போ ஆன்டிபாடியும் ஓட்டு, 17 கிலோடால்டன் கிட்ட வரும். மிதந்த லேன்ல அது எகிறலன்னா மேல எதையும் நம்பாத.

லெனேசியா_அக்கா
அண்ணன் சொன்னதோட இதையும் பாரும்மா. லைசிஸ் பஃபர்ல சோடியம் ஆர்த்தோவனடேட் இருக்கா? டைரோசின் பாஸ்படேஸ (பாஸ்பேட்ட கழட்டுற என்சைம்) தடுக்க அது வேணும். பிஎச் 10 வச்சு, மஞ்சள் போய் தெளியுற வரைக்கும் கொதிக்க வச்சு ஆக்டிவேட் பண்ணு. பாஸ்போ ஆன்டிபாடிக்கு பால் பவுடர்ல பிளாக் பண்ணாத, கேசினே பாஸ்பேட் உள்ள புரோட்டீன், பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்) போடு. இன்னொண்ணு, சிடிகே1ஓட சொந்தக்கார என்சைம் சிடிகே2லயும் அந்த டைரோசின் 15ஐ சுத்தி அதே சீக்வென்ஸ், பல ஆன்டிபாடி ரெண்டையும் பிடிக்கும். அதனால மிதந்த லேன்ல சிக்னல் முழு பூஜ்யம் ஆகலன்னா அழாத 😄

டர்பன்_மாணவி
வனடேட் டப்பா இருக்கு, கொதிக்க வச்சதே இல்ல யாரும். இன்னொரு சந்தேகம், பிரேக் ஏன் மெதுவா எடுக்காம ஒரேயடியா போகுது?

மாரிட்ஸ்பர்க்_அண்ணன்
கொஞ்சூண்டு சிடிகே1 ஆன் ஆனா போதும், அதுவே சிடிசி25ஐ தூண்டும், வீ1ஐ அடக்கும், அதனால இன்னும் ஆன் ஆகும், நடுவழில நிக்காது. அணையுறது வேற வழி: ஏபிசி ன்னு ஒரு காம்ப்ளெக்ஸ், சிடிசி20ஓட சேந்து சைக்ளின் பி மேல யுபிக்விட்டின் ஒட்டும், புரோட்டியசோம் அத உடைச்சிரும். செபரேஸ் என்சைம கட்டி வச்சிருக்கிற செக்யூரினும் அப்பவே போகும், செபரேஸ் விடுபட்டு, குரோமோசோம் ஜோடிய சேத்து வச்சிருக்கிற கோஹெசின வெட்டும், குரோமோசோம் பிரியும். நோகோடசோல் இருக்கிற வரைக்கும் குரோமோசோம இழுக்குற மைக்ரோட்யூப் இல்லாததால செக்பாயிண்ட் (செல்லோட காவல் ஏற்பாடு) இந்த ஏபிசிய பிடிச்சு வச்சிருக்கும், அதான் உன் செல் அங்கயே நிக்குது.

அணையுறதயும் காட்டணும்னா மிதந்த செல்ல நல்லா கழுவி, மருந்து இல்லாத சூடான மீடியத்துல போட்டு, அரை மணிக்கு ஒரு வாட்டி ரெண்டு மூணு மணி நேரம் எடு. சைக்ளின் பி விழும், சிடிகே1 பேண்ட் அப்படியே நிக்கும். சார்கிட்ட அந்த ப்ளாட்ட காட்டு. கரண்ட் எப்ப போகும்னு பாத்துட்டு ஆரம்பி, நடுவுல இன்குபேட்டர் ஆறிச்சுன்னா டைம் எல்லாம் தள்ளிப் போயிரும்.