32256 என்று காட்டுகிறது: சின்னக் கோப்புகளைக் காப்பி செய்ய ஏன் இவ்வளவு நேரம்?

கடைக்கணக்கு:
1 டிபி ஹார்ட் டிஸ்க், 5400 ஆர்பிஎம். எக்ஸ்பி இருந்த பழைய 160 ஜிபி டிஸ்கை அப்படியே இதில் குளோன் செய்து, சி டிரைவை மட்டும் ஃபார்மேட் அடித்து விண்டோஸ் 7 எஸ்பி1 போட்டேன். பிறகு சி-யை 100 ஜிபி ஆக்கினேன், மீதி டி. 4 ஜிபி வீடியோ ஒன்று சுமாரான வேகத்தில் காப்பி ஆகிறது. பில் ஃபோல்டரில் உள்ள ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் என்றால் ஆமைதான். டிஃப்ராக் செய்தும் பலனில்லை. விண்டோஸின் தகவல் கருவியான எம்எஸ்இன்ஃபோ32-இல் சி-க்கு ‘பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்’ (டிஸ்கில் அது தொடங்கும் இடம்) 32,256 பைட்ஸ்.

நீலத்திரை:
விண்டோஸ் 7 அலைன்மென்ட்டை (பார்ட்டிஷன் சரியான இடத்தில் தொடங்குவதை) தானே பார்த்துக்கொள்ளும். வேறு கோளாறாக இருக்கும்.

வட்டுவைத்தியர்:
தானே உருவாக்கும் பார்ட்டிஷனுக்கு மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். ஃபார்மேட் அடித்தால் உள்ளிருப்பது போகும், தொடக்க இடம் நகராது. எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63-வது செக்டாரில் (டிஸ்க் ஒரே வீச்சில் எழுதும் சின்னத் துண்டு, 512 பைட்) தொடங்கும்: 63 × 512 = 32,256. விஸ்டாவிலிருந்து அது 2048-வது செக்டார், அதாவது 10,48,576 பைட். ஆஃப்செட்டை 4096-ஆல் வகுத்துப் பாருங்கள். 32,256-க்கு 7.875 வரும். முழு எண்ணாக வரவேண்டும்.

இதனால் என்ன கெடுகிறது என்றால், இப்போதைய டிஸ்குகளில் உள்ளே செக்டார் 4096 பைட். வெளியே மட்டும் 512 என்று சொல்லிக்கொள்ளும். விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் கோப்புக்கு இடம் ஒதுக்கும் அலகான கிளஸ்டரும் வழக்கமாக 4096தான். தொடக்கம் பிசகியதால் ஒவ்வொரு கிளஸ்டரும் இரண்டு செக்டாரில் ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்து நிற்கிறது. ஒரு கிளஸ்டரை எழுத, டிஸ்க் அந்த இரண்டையும் படித்து, மாற்றி, தட்டு ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை காத்திருந்து எழுத வேண்டும். 5400 ஆர்பிஎம்மில் ஒரு சுற்று 11 மில்லிசெகண்ட். பெரிய கோப்பில் தொடர்ச்சியாக எழுதும்போது கேஷ் இதைச் சேர்த்துச் சமாளித்துவிடும். சின்னக் கோப்பில் முடியாது. நீங்கள் சொல்லும் அறிகுறி இதோடு அச்சாகப் பொருந்துகிறது.

ஆனாலும் இரண்டு விஷயம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘எஃப்எஸ்யூடில் எஃப்எஸ்இன்ஃபோ என்டிஎஃப்எஸ்இன்ஃபோ சி:’ கொடுத்து, ‘பைட்ஸ் பெர் ஃபிசிக்கல் செக்டார்’ எவ்வளவு? ‘நாட் சப்போர்ட்டட்’ என்றால் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள், பழைய சாட்டா டிரைவராக இருக்கலாம். அடுத்து டிஸ்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 05 (கெட்டு மாற்றப்பட்ட செக்டார்கள்), சி5 (கெட்டிருக்கலாம் என்று சந்தேகத்தில் உள்ளவை), சி7 மூன்றின் ரா மதிப்பு. டிஸ்கே சாகும் தறுவாயில் இருந்தால் பார்ட்டிஷனை நகர்த்துவது அதற்குக் கொள்ளி வைப்பது.

கடைக்கணக்கு:
4096. 05-உம் சி5-உம் பூஜ்யம். சி7 மட்டும் 214.

வட்டுவைத்தியர்:
அப்படியானால் நகர்த்தலாம். சி7 என்பது கேபிளில் தரவு பிசகிய எண்ணிக்கை. சாட்டா கேபிளை முதலில் மாற்றிவிடுங்கள்.

சி-யை இமேஜாகவும் (முழு நகலை ஒரே கோப்பாக), டி-யில் உள்ளதைக் கோப்புகளாகவும் வேறு டிஸ்கில் எடுங்கள். டி-யை நகர்த்தவே வேண்டாம், 800 ஜிபிக்கு மேல் நகர்த்த நாள் கணக்காகும். அதை அழித்துவிடுங்கள், அது எக்ஸ்டெண்டெட் பார்ட்டிஷனுக்குள் இருந்தால் அதையும். சி-க்குப் பின்னால் இடம் காலியாகிவிடும். ‘செக்டிஸ்க் சி: /எஃப்’ ஓட்டி, ‘பவர்சிஎஃப்ஜி -எச் ஆஃப்’ கொடுத்து முழுதாக அணையுங்கள். ஹைபர்நேட்டில் கிடக்கும் என்டிஎஃப்எஸ்ஸை, பார்ட்டிஷனை நகர்த்தும் மென்பொருளான ஜிபார்ட்டெட் தொடாது.

ஜிபார்ட்டெட் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, சி மேல் ‘ரீசைஸ்/மூவ்’: முன்னால் காலியிடம் 1 எம்ஐபி (10,48,576 பைட்), அலைன் ‘எம்ஐபி’. ‘சிலிண்டர்’ வைத்தால் பழைய கதைதான். காலியிடத்தையும் சேர்த்தே நகர்த்தும் என்பதால் சில மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் சி போச்சு, யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

முடிந்ததும் 0xசி000000இ என்று பூட் நின்றால் பயப்பட வேண்டாம். பூட் பதிவில் பழைய ஆஃப்செட் எழுதியிருப்பதால் வருவது. விண்டோஸ் 7 டிவிடியில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’, சில சமயம் இரண்டு முறை ஓட்ட வேண்டியிருக்கும். டி-யை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே புதிதாக உருவாக்குங்கள்.

நீலத்திரை:
எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்துவிட்டால் இந்த வேலையே வேண்டாமே?

வட்டுவைத்தியர்:
செக்டார் செக்டாராகக் குளோன் செய்தால் 63-உம் கூடவே வரும். ஃபிளாஷ் பக்கங்களும் 4096-இன் மடங்குதான், வீணாக இரட்டிப்பு எழுத்து. முதலில் நகர்த்திவிட்டுப் பிறகு குளோன் செய்வது நல்லது.

கடைக்கணக்கு:
ஸ்டார்ட்அப் ரிப்பேர் இரண்டாம் முறையில் பூட் ஆனது. சி 10,48,576. டி 1,07,37,52,30,976, வகுத்தால் 2,62,14,656, மீதியில்லை. பில் ஃபோல்டர் இப்போது நகர்கிறது. கேபிள் மாற்றியும் சி7 அதே 214-இல் நிற்கிறதே?

வட்டுவைத்தியர்:
அது குறையவே குறையாது. 215 ஆனால் மட்டும் வந்து சொல்லுங்கள்.