மறு: குதிரையேற்றத்தில் ‘சீட்’டுக்கு என்ன தமிழ்? (பதிநிலை, மிதிநிலை)

குழுவினருக்கு வணக்கம்.

‘சீட்’டுக்குத் தமிழ் தேடும் இந்த மடல் இழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். மழையில் லாயத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. குதிரைகளை இடம் மாற்றவே பொழுது சரியாகப் போயிற்று. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலில் பதில். கொஞ்சம் நீளம்தான், பசியாறிவிட்டு வந்து படியுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக என்னைப் பற்றி: ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே. அப்பா பால்மரம் (ரப்பர்) சீவியவர். நான் பிறந்தது லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), பிழைப்பது லாயத்தில். நடுவில் ஒரு துணைக்கால்தான் கூடியிருக்கிறது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற நாலு குதிரைகளை வைத்துக்கொண்டு, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித் தருகிறோம். சனிக்கிழமை வகுப்புக்கு வருவதில் பாதிப் பேர் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். சொல் தேடும் தொல்லை எனக்கு வந்ததே அவர்களால்தான்.

ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை. குதிரை மேல் ஆடிக்கொண்டே இருந்தாள். “நல்லா உட்காரு” என்றேன். நல்ல பிள்ளை, நல்லாவே உட்கார்ந்தாள், பள்ளிக்கூட பெஞ்சில் உட்காருவது போல. தொடை கிடையாக வந்தது, பாதம் முன்னால் போனது, முதுகு வளைந்தது. குதிரை டிராட் (துள்ளுநடை) எடுத்ததும் சட்டியில் பொரி குதிப்பது போலக் குதித்தாள். குற்றம் அவளுடையதில்லை, நான் சொன்ன வினைச்சொல்லுடையது.

இனி ஒவ்வொன்றாக.

> ‘சீட்’ என்பதற்கு ‘இருக்கை’ அகராதியிலேயே இருக்கிறது. புதிதாக எதற்கு?

இருக்கிறது ஐயா, பேருந்துக்கு. குதிரைக்காரர்கள் ‘சீட்’ என்று சொல்வது ஒரு பொருளை அல்ல. பொருள் என்றால் அது சேணம், நம் பழைய சொல்லில் கலணை. அவர்கள் சொல்வது உடம்பு முழுவதும் குதிரையோடு சேர்ந்து நிற்கும் விதத்தை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரு தூக்குநூலில் கோத்தது போல நேராக வர வேண்டும். முழங்கையிலிருந்து கை வழியாகக் குதிரையின் வாய் வரைக்கும் இன்னொரு நேர்கோடு. இந்த இரண்டு கோடும் கலையாமல் இருந்தால் சமதரைப் பயிற்சியில் (தடை தாண்டாமல் ஓட்டிப் பழகுவது) பாதி வேலை முடிந்தது. (அதற்கு ஒருவர் ‘தட்டைவேலை’ என்று எழுதியிருந்தார். வேண்டாம் தம்பி, தகரம் தட்டுகிற வேலை மாதிரி இருக்கிறது.)

இதில் உட்காருவது எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. கிரேக்கப் படைத்தலைவர் செனஃபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவிட்டார்: நாற்காலியில் இருப்பது போலக் குதிரை மேல் இருக்கக் கூடாது, கால்களை அகட்டி நிமிர்ந்து நிற்பது போல இருக்க வேண்டும் என்று. அவர் காலத்துக் குதிரைகளில் அங்கவடியே (சேணத்திலிருந்து தொங்கும், பாதம் வைக்கும் வளையம்) கிடையாது. இன்றைக்கும் பயிற்றுநர்கள் ஒரு சோதனை சொல்வார்கள்: உன் கீழே இருக்கும் குதிரை இந்த நொடியே மறைந்துபோனால் நீ கால் ஊன்றி நிற்பாயா, பின்பக்கமாக விழுவாயா?

நமக்கு இதற்குச் செனஃபோன் வரை போக வேண்டியதே இல்லை. பொய்க்கால் குதிரை பார்த்தவர்கள்தானே எல்லாரும்? ராஜாவும் ராணியும் குதிரை மேல் இருப்பது போலத் தெரியும், உண்மையில் இரண்டு பேரும் கட்டையில் நிற்கிறார்கள். இடுப்பில் மாட்டியது கூடு. நானும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொன்னேன். “பொய்க்கால் குதிரை ஆடுகிற அண்ணன் மாதிரி நில்லு, குதிரை நடுவில் இருக்கட்டும்.” அன்றைக்கு இரண்டு பேருக்குக் குதிகால் தானாகவே இடுப்புக்குக் கீழே வந்தது.

> ‘அமர்வு’ பொருந்தாதா?

கருத்தரங்குக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முதல் அமர்வு, தேநீர், இரண்டாம் அமர்வு. ‘ஆசன’மும் யோகா வகுப்புக்குப் போய்விட்டது.

> ‘ஊர்நிலை’ என்று வைக்கலாமே. ஏறிச் செல்வதற்கு ‘ஊர்தல்’தானே பழந்தமிழ்? குறளில்கூட ‘ஊர்ந்தான்’ வருகிறது.

பேராசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. குறள் 37இல் சிவிகையில் போகிறவன் ஊர்ந்தான். ஊர்தி என்ற சொல்லும் அங்கிருந்துதான். பாட நூலில் தலைப்பாகப் போட ‘ஊர்நிலை’ அழகான சொல். ஆனால் இன்றைக்கு ஊர்வது எது? எறும்பும் நத்தையும். அதிலும் நான் இருக்கிற ஊரின் பெயரை மலாயிலிருந்து பெயர்த்தால் நத்தை ஆறு. நத்தையாற்றில் நின்றுகொண்டு ‘ஊர்’ என்று கத்தினால் குதிரையே சிரிக்கும். பொதுப்பெயராக அது இருக்கட்டும். வகுப்பில் கூவுவதற்கு வேறு வேண்டும்.

சமதரைக்கு என் பரிந்துரை ‘பதிநிலை’. விதை பதிகிறது, அச்சு பதிகிறது, மனசில் பதிகிறது. ஒன்று இன்னொன்றில் இறங்கி நிலைப்பதற்கு நம்மிடம் இருக்கும் வினை அதுதான். இரண்டு இருக்கை எலும்பும் கலணையில் பதிய வேண்டும், தொடை உள்பக்கமாகப் பதிய வேண்டும், கால் தொங்க வேண்டும். வியன்னாவில் இருக்கும் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேருபவர்களை அங்கவடியும் கடிவாளமும் கொடுக்காமல், நீண்ட கயிற்றில் சுற்றிவரும் குதிரை மேல் மாதக் கணக்கில் வைத்திருப்பார்கள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாதபோதுதான் உடம்பு பதியக் கற்றுக்கொள்கிறது. நாங்கள் அவ்வளவு செய்வதில்லை. வாரத்தில் கால் மணி நேரம் அங்கவடியைக் கழற்றுகிறோம், அதற்கே தொடை வலிக்கிறது என்று வீட்டிலிருந்து போன் வருகிறது.

சரி, இனி தாண்டல். சண்டை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

> தடை தாண்டும்போது வரும் நிலைக்கு ‘இருமுனை நிலை’ அல்லது ‘முன்சாய்வு நிலை’.

இருமுனை என்றால் எந்த இரண்டு என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆங்கிலக் கணக்கில் இரண்டு கால்களும் இரண்டு தொடுபுள்ளிகள், மூன்றாவதாக இருந்த பின்புறம் கலணையை விட்டு எழுந்துவிடுகிறது. விளக்கம் சொன்னால்தான் புரியும் சொல், குதிரை ஓடிக்கொண்டிருக்கும்போது உதவாது.

‘முன்சாய்வு’ இன்னும் ஆபத்து. அது தவறையே பெயராக வைக்கிறது. கப்ரில்லியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஃபெடரிகோ கப்ரில்லி (1868–1907), இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி. அவருக்கு முன்னால் தடை தாண்டுகிறவர்கள் பின்னால் சாய்ந்து, காலை முன்னே நீட்டி, கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார்கள். குதிரை இறங்கும்போது அவர்கள் எடை முழுவதும் அதன் முதுகில் அறையும், வாய் கிழியும். அதற்கு அப்புறம் குதிரைக்குத் தடை என்றாலே பயம். கப்ரில்லி குதிரை தானாகத் தாண்டுவதைக் கவனித்தார், அதைத் தடுக்காமல் கூடவே போகச் சொன்னார். 1902இல் தூரினில் 2.08 மீட்டர் உயரம் தாண்டினார். அவர் கொண்டுவந்ததை எல்லாரும் ‘முன்னால் சாய்வது’ என்று சுருக்கிவிட்டார்கள். அதிலிருந்துதான் வினை.

சாய்ந்தால் என்ன ஆகும்? சும்மா நிற்கிற குதிரையிலேயே எடையில் கிட்டத்தட்ட 60 விழுக்காடு முன்னங்கால்களில் இருக்கிறது. தாண்ட வேண்டுமானால் அது முன்பக்கத்தை எடை குறைத்துத் தூக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து நாம் கழுத்தின் மேல் போய் விழுந்தால் எப்படித் தூக்கும்? சரியான நிலையில் சாய்வு கிடையாது. இடுப்பு மடங்கும், பின்புறம் கொஞ்சம் பின்னால் போகும், மார்பு தாழும், பாதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அங்கவடி வாரை இரண்டு மூன்று துளை குறைத்துக் கட்டுவது முழங்காலும் கணுக்காலும் மடங்குவதற்கு இடம் கிடைக்கத்தான்.

கிள்ளான் அக்கா இதைப் பிடித்துக்கொண்டு ‘மடிநிலை’ என்றார். பொருள் நூற்றுக்கு நூறு. ஆனால் அக்கா, “தடை கிட்ட வந்ததும் மடி!” என்று ஒரு பிள்ளையைப் பார்த்து, அதன் அம்மா வேலிக்கு வெளியே நிற்கும்போது, நான் எப்படிக் கத்துவேன்?

எனக்கு அப்பாவின் கப்சாய்தான் (சின்ன மோட்டார் சைக்கிள்) ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் பால் டின் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் வருவார். குறுக்கே கான் (வடிகால்) வெட்டிய பள்ளம் வரும். அப்பா வேகத்தைக் குறைத்து, பின்புறத்தை ஒரு விரற்கடை தூக்குவார், முழங்கால் மடங்கும், பாதம் மிதியில் அழுந்தும். மோட்டார் சைக்கிள் குதிக்கும், அப்பா குதிக்க மாட்டார். தலை ஒரே மட்டத்தில் போகும். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் பல் ஆடும். பள்ளத்துக்கு முன்னால் அவர் சொல்வது ஒரே சொல்: “மிதிச்சுக்க.”

அதுதான் ‘மிதிநிலை’. எடை எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது: கழுத்துக்கு அல்ல, முழங்காலுக்கு அல்ல, குதிகால் வழியாக அங்கவடிக்கு. முழங்காலால் இறுக்கிக் கவ்வுகிறவர்களுக்கு (எங்கள் வகுப்பில் பெரியவர்கள் எல்லாருமே) கீழ்க்கால் பின்னால் பறந்துவிடும். ‘முழங்காலை விடு’ என்பதைவிட ‘மிதி’ என்றால் அது தானாகச் சரியாகிறது.

இலக்கணம் கேட்டவருக்கு: ஊறுகாய் போல இரண்டுமே வினைத்தொகை, நடுவில் ஒற்று வராது. பதிநிலை, மிதிநிலை. ஒரே ஓசை என்பதால் பிள்ளைகளுக்கும் வாயில் நிற்கிறது.

> பேச்சில் ‘மிதி’ என்றால் உதை என்று அல்லவா பொருள்?

இதை எழுதியவருக்குத் தீர்க்கதரிசனம். சென்ற சனிக்கிழமை அப்படியேதான் நடந்தது. 1.3 மீட்டர் இடைவெளியில் மூன்று கட்டைகளைத் தரையில் போட்டு, கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குறுக்குக் கட்டை வைத்திருந்தேன். ஒரு பையன் நல்லாத்தான் வந்தான். நான் “மிதி!” என்றேன். அவன் இரண்டு குதிகாலாலும் குதிரையின் விலாவில் ஒரு மிதி மிதித்தான். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடிய குதிரைக்கு இது போதாதா? கட்டையைத் தாண்டி, வட்டத்தைத் தாண்டி, செம்பனை வரிசை வரைக்கும் போய்விட்டது. பையன் பிடரியை விடவில்லை, அதனால் விழவில்லை. இறங்கியதும் “நீங்கதானே சொன்னீங்க” என்றான்.

அதனால் வகுப்பில் இப்போது ‘வடியை மிதி’ என்கிறேன். அங்கவடியை முழுசாகச் சொல்ல நேரமில்லை, வடி போதும். பெயராக எழுதும்போது மிதிநிலையே இருக்கட்டும். அதே பன்னிரண்டு வயதுப் பிள்ளை அன்றைக்குப் பிடரி மயிரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, டிராட்டில் வட்டத்தை இரண்டு சுற்று மிதிநிலையிலேயே வந்தாள். மூன்றாவது சுற்றில் கால் நடுங்கிப் பொத்தென்று உட்கார்ந்தாள். குதிரை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டது. அவளுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது, அதற்கு உங்கள் உதவி தேவை. குதிரை தாண்டும்போது கழுத்தை நீட்டும். நாம் கையைப் பிடரி ஓரமாக முன்னால் கொண்டுபோய்க் கடிவாளத்துக்கு இடம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதன் வாயை வெட்டி இழுக்கும். ‘கை நீட்டல்’ என்றால் அடிதடி வழக்கு. ‘கைவிடல்’ என்றால் ஒருவன் நிஜமாகவே இரண்டு கையையும் விட்டுவிட்டான். எனக்கு இப்போதைக்குத் தோன்றுவது ‘இளக்கு’. கட்டிய முடிச்சை இளக்குகிறோமே, அந்தச் சொல். பிடரியில் கையை ஊன்றிச் செய்தால் ‘பிடரி இளக்கு’. தேர்ந்தவர்கள் கழுத்தில் எங்கும் ஊன்றாமல், முழங்கையிலிருந்து வாய் வரையுள்ள அந்த நேர்கோடு கலையாமலே குதிரையின் வாயைத் தொடர்ந்து போவார்கள். அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ‘தொடர் இளக்கு’ என்றால் தொலைக்காட்சித் தொடர் நினைவுக்கு வருகிறது.

அடுத்த வகுப்பு சனிக்கிழமை காலை ஏழரைக்கு, வெயில் ஏறுவதற்குள். அதற்கு முன்னால் யாராவது சொல் அனுப்பினால் கூவிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: இரண்டு அசைக்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது அசை சொல்வதற்குள் குதிரை இறங்கிவிடும்.