மறு: கென்னிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

உலக இலக்கியத் தாளுக்கான பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. பெயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காப்பியத்துக்கான பகுதியில் கென்னிங் (ஒன்றை நேர்ப்பெயரால் சொல்லாமல் சுற்றிச் சொல்லும் தொடர்) வருகிற இடத்தை மட்டும் வெற்றாக விட்டு வைத்திருக்கிறேன். வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

> அன்மொழித்தொகை இருக்கையில் புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது ஐயா, ஆனால் பொருந்தவில்லையே. 'பொற்றொடி வந்தாள்' என்றால் தொடி பெண் அல்ல, தொடியை உடையவள்தான் பெண். பழைய ஆங்கிலக் கவிஞன் கடலைத் 'திமிங்கிலச் சாலை' என்கிறபோது அந்தச் சாலையேதான் கடல், உடைமைக்கு அங்கே வேலையில்லை. உடம்பை 'எலும்பு வீடு' என்பதும் அப்படித்தான்.

> அப்படியானால் உருவகத்தொகை.

பாதி சரி. முகத்தாமரையில் முகம் கண்ணெதிரே நிற்கிறது. 'வெய்ய கதிரோன் விளக்காக' என்று பாடும் பொய்கையாழ்வாரும் கதிரோனைச் சொல்லிவிட்டுத்தான் விளக்காக்குகிறார். பெயோவுல்ஃபில் 'வானத்து மெழுகுவர்த்தி' என்று வந்தால் அது ஞாயிறு என்று கேட்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும். பொருள் மறைந்து நிற்பதால் ஒட்டணியில் (உவமையை மட்டும் சொல்லிப் பொருளை உணரவைக்கும் அணி) சேர்க்கலாம் என்று இழையில் ஓர் அம்மா எழுதியது இன்னும் நெருக்கம். ஆனால் ஒட்டணி 'பீலிபெய் சாகாடும்' என்ற குறள் போல ஒரு முழுக் கூற்றாக நடப்பது, கென்னிங்கோ பெரும்பாலும் இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

அதனால்தான் தொல்காப்பியச் செய்யுளியலுக்குப் போவோம் என்கிறேன். 'ஒப்பொடு புணர்ந்த உவமத் தானும், தோன்றுவது கிளந்த துணிவி னானும்' என்று பிசியை, அதாவது விடுகதையை, தொல்காப்பியர் இரண்டாகப் பிரிக்கிறாரே, கென்னிங்கும் அதே மாதிரி இரண்டாகப் பிரிகிறது! திமிங்கிலச் சாலை ஒப்புமையில் பிறந்தது. நார்வே, ஐஸ்லாந்துப் பக்கத்துப் பழைய மொழியான நார்ஸின் கவிஞர்கள் வீரனைக் 'காக்கைக்கு இரை தருபவன்' என்பார்கள், அதில் உவமையே கிடையாது, அவன் செயலைச் சொல்லி ஆளை ஊகிக்கவிடுவதுதான். உரையாசிரியர் காட்டும் 'பிறைகவ்வி மலைநடக்கும்' என்ற பிசியை எடுத்துக்கொள்ளுங்கள், விடை யானை. அதையே 'பிறைகவ்வும் மலை' என்று பெயராக்கினால் ஐஸ்லாந்துக்காரன் அப்படியே எடுத்துக்கொள்வான். ஆகவே என் முன்மொழிவு: பிசிப்பெயர்.

> பிசி என்றால் மாணவர்கள் 'வேலையாக இருக்கிறார்' என்றுதான் நினைப்பார்கள். தூய்மைக்காகப் புரியாத சொல்லைத் திணிக்க வேண்டாம்.

தூய்மைக்காக நான் கேட்கவில்லை. பிசி முதுகலைப் பாடத்திலேயே இருக்கிறது, தேர்வுக்குப் படித்த சொல்தான். அதுவும் கடினம் என்றால் விடுகதைப்பெயர் என்று வையுங்கள், எனக்குச் சம்மதம்.

> கென்னிங்கின் வேர் நம் 'கண்', 'காண்'.

இல்லை ஐயா. அது 'கென்னா' என்ற பழைய நார்ஸ் வினையிலிருந்து வந்தது: அறிதல், பெயரிட்டுக் குறித்தல். வடமொழியில் அதற்கு உறவு தேடினால் ஞானம் என்பதில் உள்ள 'ஞா' வேர்தான் கிடைக்கும். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காகப் பாடநூலில் ஏற்ற முடியாது. இந்த இழைக்குள்ளேயே இன்னொரு பத்து மடல் இதற்குப் போய்விட்டது, அப்புறம் திமிங்கிலத்துக்கு 'ஆனைமீன்' சரியா என்று வேறு தொடங்கிவிட்டார்கள். அதற்குத் தனி இழை வையுங்கள், நானும் வருகிறேன்.

சரி, பெரும்பாலானோர் களைத்துப்போய் உருவகத்தொகைக்கே கைதூக்கிவிட்டீர்கள். எனக்கு இன்னும் ஒப்பவில்லை. ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய எட்டா என்ற நூலில் தங்கத்துக்குச் 'சிஃப்பின் கூந்தல்' என்று ஒரு பெயர் உண்டு. சிஃப் என்ற தேவியின் கூந்தலை லோகி என்ற குறும்புத் தெய்வம் அறுத்துவிட, குள்ளர்கள் பொன்னால் புதுக்கூந்தல் செய்து கொடுத்தார்கள் என்ற கதை தெரிந்தால்தான் அது அவிழும். இதில் எது உருவகம்? அதை விளக்க முடிந்தவர்கள் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் தலைப்பில் கென்னிங், முதல் வரியில் பிசிப்பெயர் என்று போட்டு அனுப்பிவிடுவேன்.