அத்தைக்கு மாத்திரை ஆரம்பித்ததும் குறைத்ததும்

மறதி நோய்க்காரர்களுக்கு ரிஸ்பெரிடோன், குயிட்டியாபின் மாதிரி மனநோய் மாத்திரைகளை எழுதிக் கொடுத்தால் வாங்கலாமா வேண்டாமா என்று தவிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வாங்கினோம். அப்புறம் டாக்டரிடம் பேசிக் குறைத்தோம். இரண்டுமே சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

என் மாமியார் முக்கூடலில் வாழ்நாளெல்லாம் பீடி சுற்றியவர். நோய் முற்றிய பிறகு, பொழுது சாய்ந்தால் "கடை அடைச்சிருவாங்க, பீடி கொடுக்கணும்" என்று வாசலுக்கு ஓடுவார். மறித்தால் அடி விழும். ராத்திரி தூக்கமே கிடையாது. பெற்ற மகனையே திருடன் என்று நினைத்து அரிவாள்மணையைத் தூக்கிய பிறகுதான் பாளையங்கோட்டையில் டாக்டரைப் பார்த்தோம்.

அவர் எதையும் மறைக்கவில்லை. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மாத்திரைகளால் உயிராபத்து கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-லேயே எச்சரித்திருக்கிறது. சுமார் பத்து வாரம் நடந்த ஆய்வுகளில் மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 4.5 பேர் இறந்திருக்கிறார்கள், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 பேர். பெரும்பாலும் இதயக் கோளாறு, இல்லையென்றால் நிமோனியா. கேட்டதும் என் நாத்தனார் அழுதுவிட்டாள். "மைனி, அம்மைக்கு விஷத்தையா கொடுக்கப் போறோம்?" என்றாள். எனக்கோ அத்தையின் பயம்தான் பெரிதாகப் பட்டது. கண்ணில் படுகிற எல்லோரையும் எதிரியாகப் பார்த்து நடுங்கிக்கொண்டு ஒருத்தர் எத்தனை நாள் இருக்க முடியும்?

சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி எதுவும் காரணமில்லை என்று பார்த்த பிறகே குறைந்த அளவில் ஆரம்பித்தார். அடி நின்றது, தூக்கம் வந்தது.

ஆனால் அத்தையின் கை சும்மா இருக்கிற கை இல்லை. பழைய பேப்பரை இலை அளவுக்கு வெட்டிச் சுளகில் வைத்தால், உருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்கிக்கொண்டே இருப்பார். மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் விரல்கள் விறைத்துப்போயின. பேப்பர் மடியிலேயே கிடந்தது. கஞ்சி குடிக்கும்போது புரையேறியது. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது, கஞ்சி நுரையீரலுக்குள் போய்விட்டால் நிமோனியாவுக்கு அதுவும் ஒரு வழி.

கையை வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினேன். தூக்கம், சாப்பாடு, கோபம் எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்ததும் உதவியது. படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். பலன் இருந்தால்கூட நான்கு மாதத்துக்குள் குறைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் சொல்கிறது.

விரல்கள் பழையபடி ஆயின. சாயங்கால ஓட்டமும் கொஞ்சம் திரும்பியது. சரி, ஓடட்டும் என்று முடிவு செய்தோம். பேப்பர் பீடிக் கட்டுகளைப் பையில் போட்டு நாத்தனார் தெருமுனைக்குக் கூட்டிப்போவாள். பெட்டிக்கடை அண்ணாச்சி எண்ணி வாங்கி வைத்துக்கொள்வார். அத்தை நிம்மதியாக வீடு திரும்புவார்.

நீங்களாக ஒரேயடியாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, கை கால் நடுக்கம் இருந்தால் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அவை லூயி பாடி என்ற வகை மறதி நோயின் அறிகுறியாக இருக்கலாம். அப்படி இருந்தால் இந்த மாத்திரைகள் உடம்பை மோசமாக விறைக்க வைத்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம்.