கண்ணகி நகர் பக்கம் வீடு எடுக்கலாமா?

கேள்வி (ஓஎம்ஆர் புதுசு):
சென்னை ஓஎம்ஆர் சாலையில் துரைப்பாக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கண்ணகி நகரை ஒட்டி ஒரு வீடு பார்த்தோம், வாடகை கட்டுப்படியாகிறது. ஆனால் ஆபீஸில் எல்லோரும் "அந்த ஏரியாவா, வேண்டவே வேண்டாம்" என்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட உள்ளே போனதில்லை. எனக்கு இரவு ஷிப்ட். அங்கே குடியிருப்பவர்கள் சொல்லுங்கள்.

செல்வி:
நான் கண்ணகி நகர்தான். 2000களின் தொடக்கத்தில் அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து எங்களைக் கொண்டுவந்து இங்கே குடிசை மாற்று வாரியம் கட்டிய போர்டு வீடுகளில் விட்டார்கள். ஒரே சந்தில் வாழ்ந்தவர்களை ஆளுக்கொரு பிளாக்கில் பிரித்துப் போட்டுவிட்டார்கள். எதிர்வீட்டில் யார் என்றே தெரியாது. இருட்டினால் அம்மா என்னைப் படியிறங்க விடமாட்டார். தண்ணி லாரிக்குக் குடம் வைத்துக் காத்துக் கிடந்ததில்தான் அக்கம்பக்கம் பழகினோம், பயமும் குறைந்தது.

அடிதடியே இல்லை என்று சொல்ல மாட்டேன். கஞ்சா அடிக்கிற பசங்களும் உண்டு. ஆனால் எவன் யார் வீட்டுப் பிள்ளை, யார் அதட்டினால் அடங்குவான் என்று எங்களுக்குத் தெரியும். ராத்திரி ஷேர் ஆட்டோவில் இறங்கினால் முனையில் இட்லிக்கடை அக்கா "ஏன் பாப்பா இவ்ளோ லேட்டு?" என்று கேட்பார். நான் வீட்டுக்குள் போகும்வரை அவர் பார்வை என் மேல்தான் இருக்கும்.

எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்தில். இங்கே படித்த பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது கண்ணகி நகர் என்று எழுதப் பயந்து ஒக்கியம் துரைப்பாக்கம் என்று எழுதுகிறார்கள்.

சமூகவியல் மாணவன்:
செல்வி அக்கா சொல்வதை அமெரிக்காவின் சிகாகோவில் ஆராய்ந்திருக்கிறார்கள். சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சன் குழு 1995-ல் 343 பகுதிகளில் 8,782 பேரைப் பேட்டி கண்டது. பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுத் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் தட்டிக்கேட்பார்களா என்பது அதில் ஒரு கேள்வி. ஒருவரையொருவர் நம்பி, தட்டிக்கேட்கும் பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. 2004-ல் வந்த இன்னொரு கட்டுரை உங்கள் ஆபீஸ் பேச்சுக்குப் பொருந்தும். ஏழைகளும் கறுப்பினத்தவரும் அதிகம் வாழும் பகுதி என்றால், நேரில் பார்த்துக் கணக்கெடுத்ததைவிட அங்கே சீர்கேடு அதிகம் என்றே மக்கள் நினைத்தார்கள்.

ஓஎம்ஆர் புதுசு:
நன்றி. ஷிப்ட் முடிய 11 மணி ஆகும். அப்போது தனியாக நடக்கலாமா?

செல்வி:
மெயின் ரோடு வழியாக வாருங்கள். பின்பக்கச் சந்தில் விளக்கு எரிவதில்லை, அது எங்களுக்கே தொல்லைதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருதடவை வாருங்கள். அக்கா கடையில் உட்கார்ந்து பேசலாம். உங்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவரே சொல்லிவிடுவார்.