ஆபீஸுக்கு எந்த மாதிரி பை வாங்கலாம்? லேப்டாப், சாப்பாடு, ஃபைல் எல்லாம் கொள்ள வேண்டும்

மறைமலைநகர்_பொண்ணு:
வணக்கம். ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்புக்கான பயிற்சி) சேர்ந்திருக்கிறேன். தினமும் மறைமலைநகரிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின், கிளையண்ட் ஆபீஸ் போகச் சொன்னால் அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ. இப்போதைக்கு காலேஜ் பேக்பேக்தான், பெரிய லோகோவும் ஆரஞ்சுப் பட்டையுமாக இருக்கும், கிளையண்ட் எதிரில் வைக்கவே கூச்சமாக இருக்கிறது. 14 இன்ச் லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், குடை, சில நாள் ரெண்டு மூணு ஃபைல். தோளில் மாட்டும் டோட் பேக் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் இவ்வளவும் தாங்குமா? 3,000 ரூபாய்க்குள் வேண்டும். புடவை, சுடிதார் ரெண்டுக்கும் பொருந்தினால் நல்லது.

தாம்பரம்_ஃபாஸ்ட்:
டோட் வேண்டாம்மா. லேப்டாப் ஒன்றரை கிலோ, தண்ணீர் ஒரு கிலோ, சாப்பாடு, சார்ஜர், குடை எல்லாம் சேர்த்தால் நாலு கிலோவைத் தொடும், அதை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு தாம்பரத்திலிருந்து நின்றபடி வந்தால் சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும். லோகோ கண்ணில் படாத, கறுப்போ நேவி ப்ளூவோ, தரையில் வைத்தால் தானாக நிற்கிற பெட்டி வடிவ பேக்பேக் பாருங்கள். மேலே நல்ல கைப்பிடி கட்டாயம் இருக்க வேண்டும். ட்ரெயினில் முன்பக்கம் மாட்டிக்கொள்ளலாம், கிளையண்ட் ஆபீஸ் வாசலில் இறக்கிக் கையில் பிடித்துப் போனால் ப்ரீஃப்கேஸ் மாதிரிதான் தெரியும், புடவை மடிப்பும் கலையாது.

கடையில் ஜிப்பைத் திறந்து பார்ப்பதற்கு முன் தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருந்தால் தாங்கும். ஒற்றைக் கோடாக ஒரு தையல் மட்டும் ஓடியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எத்தனை சதவீதம் தள்ளுபடி என்றாலும் சரி. பெரும்பாலான பைகள் அங்கேதான் பிய்கின்றன.

பச்சைத்தாள்:
வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா சொல்கிறேன், யாரும் ஃபைல் அளவைப் பற்றிப் பேசவில்லை. ஏ4 தாள் 29.7 செ.மீ. நீளம், லீகல் சைஸ் 35 செ.மீ.க்கு மேல். பத்திர நகல், பழைய லெட்ஜர் என்று ஆடிட்டில் இரண்டாவது ரகமும் கைக்கு வரும். 14 இன்ச் லேப்டாப்புக்கென்றே அளவெடுத்த சின்னப் பையில் லீகல் ஃபைலைச் செருகினால் மேல் மூலை மடங்கும், ஜிப் அதன்மேல் ஏறி தாளைக் கடிக்கும். 15.6 இன்ச் போடுகிற பையாக வாங்கி, லீகல் ஃபைல் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பாருங்கள். கிளையண்டின் மூலப் பத்திரம் கசங்கினால் என்ன பேச்சு விழும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆம்பூர்க்காரன்:
தோல் பை எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. இந்த விலைக்கு நல்ல தோலில் லேப்டாப் பை கிடைப்பது கஷ்டம், கிடைப்பதில் முக்கால்வாசி பியூ தான், அதாவது துணிமேல் பாலியூரித்தேன் பூச்சு. நம் ஊர் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் அந்தப் பூச்சு நாளாக ஆகச் சிதைந்து செதில் செதிலாக உரியும், வியர்வை படுகிற கைப்பிடிதான் முதலில் போகும். உரிந்ததை ஒட்டவும் முடியாது. நிஜத் தோல் என்றால் காசு சேர்த்து பிறகு வாங்குங்கள், ஆனால் எடை கூடுதல், மழைக்காலத்தில் பீரோவில் பூட்டி வைத்தால் பூஞ்சை பூக்கும். தோல் வேலையிலேயே இருக்கிற நான் சொல்கிறேன், தினசரி ட்ரெயினுக்கு நைலான்தான் சரி. துணியில் டெனியர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அது, எண் கூடினால் நூல் தடிமன். 600க்குக் குறையாமல் பாருங்கள்.

லஞ்ச்பேக்_அக்கா:
நான் டோட் பக்கம்தான். தாம்பரம் தம்பி சொல்லும் எடையில் பாதி சாப்பாடும் தண்ணீரும், அவற்றை ஏன் லேப்டாப் பையிலேயே திணிக்க வேண்டும்? தனியாக ஒரு லஞ்ச் பேக், இல்லாவிட்டால் மஞ்சப்பை, கையில் போகட்டும். எவ்வளவு இறுக்கமான மூடியானாலும் ரசம் ஒருநாள் வழியும், அன்றைக்கு லேப்டாப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜிப் போட்ட, பட்டை அகலமான டோட் எடுத்தால் போதும், வாய் திறந்தது கூட்டத்துக்கு ஆகாது.

தாம்பரம்_ஃபாஸ்ட்:
அக்கா, சாப்பாடு தனிப்பை சரிதான். ஆனால் காலை எட்டரை மணி வண்டியில் ஒரு கை கம்பிக்கு, ஒரு கை லஞ்ச் பேக்குக்கு என்றால் தோளில் நழுவும் டோட்டை யார் பிடிப்பது? பேக்பேக்கும் லஞ்ச் பேக்கும், என் ஓட்டு அதற்குத்தான்.

மறைமலைநகர்_பொண்ணு:
எல்லோருக்கும் நன்றி. பேக்பேக், தனி லஞ்ச் பேக் என்று முடிவு செய்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை லீகல் ஃபைலோடு பாண்டி பஜார் போகிறேன். ஐப்பசி மழைக்கு வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருப்பதை நம்பலாமா? அப்புறம் பழைய பையில் ஜிப் மூடினாலும் பின்னாலேயே வாய் பிளக்கிறது, தம்பிக்குக் கொடுக்கலாமா, தூக்கிப்போடலாமா?

ஆம்பூர்க்காரன்:
துணி தண்ணீரைத் தடுத்தாலும் தையல் ஓட்டையிலும் ஜிப் வழியாகவும் இறங்கும். மேலே மாட்டும் ரெயின் கவர் ஒன்று வாங்கி அடி அறையில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள், லேப்டாப்பைத் தனி உறையில் போடுங்கள். பழையதைத் தூக்கிப்போடாதீர்கள். பல் எல்லாம் முழுசாக இருந்து வாய் மட்டும் பிளந்தால் பெரும்பாலும் ரன்னர், அதாவது இழுத்து மூடுகிற தலை, தேய்ந்திருக்கும், முழு ஜிப்பை மாற்றத் தேவையில்லை, பை தைக்கிற கடையில் ரன்னர் மட்டும் மாற்றித் தருவார்கள்.